238,400 கிலோமீட்டர் ஓடிய ஆல்டிஸ்: வாங்கிய கதையும் 32 மாதக் கணக்கும்

2023 மார்ச்சில் நான் வாங்கிய டொயோட்டா கொரோலா ஆல்டிஸ் 2010 டிசம்பரில் பதிவான கார். மீட்டரில் 238,400 கிலோமீட்டர். கொடுத்த விலை 52,800 சிங்கப்பூர் வெள்ளி, அதாவது டாலர். தஞ்சாவூரில் இருக்கும் மச்சானிடம் போனில் இதைச் சொன்னதும் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை, லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். அப்புறம், "மாப்ளே, முப்பது லட்சத்துக்கு மேல வருதே, பன்னெண்டு வருஷத்துப் பழைய வண்டிக்கா?" என்றார். அவருக்கு விளக்கிப் புரியவைக்க அரை மணி நேரம் ஆனது. இங்கே இருக்கிறவர்களுக்கு அவ்வளவு விளக்கம் வேண்டாம்தான், ஆனாலும் இந்தக் கணக்கு சரியாகத் தெரியாமல் பழைய கார் வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் எங்கள் அடுக்குமாடி புளோக்கிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள். அதனால் முதலில் அதையே சொல்லிவிடுகிறேன்.

இங்கே சிங்கப்பூரில் காரைப் பதிய ஏலத்தில் எடுக்க வேண்டிய உரிமைச் சான்றிதழ்தான் சிஓஇ, அந்தத் திட்டம் 1990இல் வந்தது. ஒரு சான்றிதழுக்குப் பத்து வருட ஆயுள். அது முடிந்ததும் காரை ஒப்படைத்துவிடலாம், இல்லையென்றால் கடைசி மூன்று மாத ஏலவிலையின் சராசரியைக் கட்டி ஐந்து வருடமோ பத்து வருடமோ நீட்டிக்கலாம். ஐந்து என்றால் பாதித் தொகைதான், ஆனால் அதோடு கதை முடிந்தது, அந்தக் காரை மறுபடி நீட்டிக்க முடியாது. விளம்பரத்தில் இதைக் கொட்டை எழுத்தில் யாரும் போடுவதில்லை, நாம்தான் கேட்க வேண்டும். இன்னொன்று, பத்து வருடத்துக்குள் ஒப்படைத்தால் கிடைக்கிற பார்ஃப் கழிவு, அதாவது பதியும்போது கட்டிய கட்டணத்தில் திரும்ப வரும் பங்கு, நீட்டித்த காருக்குக் கிடையாது. கடைசி நாளில் அந்தக் காரின் மதிப்பு வெறும் இரும்பு விலைதான்.

எனக்கு விற்ற காரை முன்பு வைத்திருந்தவர் 2020 கடைசியில், ஏலவிலை இறங்கிக் கிடந்த சமயத்தில், நாற்பதாயிரத்துக்குச் சற்றுக் குறைவாகக் கட்டிப் பத்து வருடத்துக்கு நீட்டித்திருந்தார். ஆக 2030 டிசம்பர் வரை ஓட்டலாம். நான் வாங்கும்போது ஏழே முக்கால் வருடம் பாக்கி. 52,800ஐ 7.75ஆல் வகுத்தால் வருடத்துக்கு 6,800 வெள்ளிச் சொச்சம், விற்பவர்கள் 'டெப்ரி' என்று சொல்வது இதைத்தான். எல்லோரும் இந்த எண்ணோடு நின்றுவிடுகிறார்கள். நான் இன்னொரு எண்ணையும் போட்டுப் பார்த்தேன்: வாங்கிய மறுநாளே இன்ஜின் போய்விட்டால் கையில் என்ன மிஞ்சும்? நிலப் போக்குவரத்து ஆணையம் திருப்பித் தருவது அன்று கட்டிய தொகையில் மிச்சக் காலத்துக்கான பங்கு மட்டுமே, இன்றைய ஏலவிலைக்கு அங்கே வேலை இல்லை. 29 ஆயிரத்துச் சொச்சம் வந்தது. அப்படியென்றால் நான் கொடுத்த பணத்தில் 23 ஆயிரத்துக்கு மேல், 2020இல் ஒருவர் மலிவாக வாங்கிப் பூட்டி வைத்த காலத்துக்கான விலை. நான் வாங்கிய மாதத்தில் சின்ன இன்ஜின் கார்களுக்கான ஏ பிரிவு சிஓஇ 90 ஆயிரத்தை ஒட்டி நின்றது, அதனால் அந்தக் காலத்துக்கு அந்த விலை. கார் என்ற பொருளுக்கு, அந்த நாலு சக்கரத்துக்கும் இன்ஜினுக்கும், நான் கொடுத்தது ரொம்பக் கொஞ்சம்தான்.

ஆனால் அந்தக் கொஞ்சம்தான் ஏழே முக்கால் வருடம் ஓடியாக வேண்டும். பயம் அங்கேதான்.

ஏன் இவ்வளவு ஓடிய கார்

நான் இருப்பது தீவின் வடக்கே ஈசூனில், வேலை மேற்குக் கோடியில் துவாஸில், ஷிப்ட். சிலேத்தார் விரைவுச்சாலையில் ஏறி, புக்கிட் தீமா, கிராஞ்சி விரைவுச்சாலைகளைப் பிடித்து, தீவு விரைவுச்சாலையில் கடைசி வரை போக வேண்டும், ஒரு வழிக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல். இரவு ஷிப்ட் முடிந்து பேருந்தும் ரயிலுமாக வீடு வந்து சேர ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அம்மாவுக்கு முட்டி வலி, மாதம் இரண்டு முறை மருத்துவமனை. இதெல்லாம் காரணம்தான், காரே வாங்காமல் சமாளித்திருக்கலாமா என்று கேட்டால் சமாளித்திருக்கலாம், அந்த வாதத்துக்கு இப்போது போகவில்லை.

பழைய கார்க் கடைகள் இருக்கும் உபி, கிராஞ்சி வட்டாரங்களில் ஆறு சனிக்கிழமை அலைந்தேன். கடைசியில் இரண்டு கார் நின்றது. ஒன்று நான் வாங்கியது. இன்னொன்றும் ஆல்டிஸ்தான், அதே வருடம், சிஓஇ பாக்கி ஏழரை வருடம், ஆனால் மீட்டரில் 96,000. விலை 61,000. விற்பனைப் பையன் அந்த 96,000ஐ மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டே இருந்தான். என் மனைவிக்கும் அதுதான் பிடித்தது, சீட்டெல்லாம் புதுசாக இருந்தது.

இங்கே ஒரு தனியார் கார் வருடத்துக்கு 17, 18 ஆயிரம் கிலோமீட்டர் ஓடுவது சாதாரணம். 238,400ஐப் பன்னிரண்டே கால் வருடத்தால் வகுத்தால் 19,500 வருகிறது, அதாவது கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். தீவே கிழக்கு மேற்காக 50 கிலோமீட்டர்தான். இவ்வளவு ஓடியிருக்கிறது என்றால் பெரும்பாலும் விரைவுச்சாலையில், சூடேறிய இன்ஜினோடு, ஒரே சீரான வேகத்தில் ஓடியிருக்கும். சந்தைக்கும் பள்ளிக்கும் மூன்று கிலோமீட்டர் போய்விட்டு நிறுத்துகிற காருக்கு அந்த வாய்ப்பு இல்லை. இன்ஜின் முழுச்சூட்டுக்கு வருவதற்குள் நிறுத்திவிட்டால் ஆயிலில் சேர்ந்த ஈரம் ஆவியாகப் போக வழியில்லை, நாளாக ஆகக் கசடு கட்டும். மீட்டர் சின்ன எண்ணைக் காட்டும், உள்ளே நிலவரம் வேறாக இருக்கும்.

இதெல்லாம் என் சொந்த ஞானம் இல்லை. உட்லண்ட்ஸில் ஒரு பட்டறையில் வேலை செய்யும் அண்ணன் ஒருவர், மலேசியாவின் ஜோகூர் பாருவில் இருந்து தினமும் விடியற்காலை மோட்டார் சைக்கிளில் கடற்பாலம் தாண்டி வருகிறவர், அவர்தான் சொல்லிக்கொடுத்தார். "மீட்டர பாக்காத தம்பி, பில்ல பாரு. பில்லு இல்லாத காடி எத்தன கிலோமீட்டர் ஓடுனாலும் ஒண்ணுதான் லா," என்றார். நான் வாங்கிய காருக்கு ஒரு பிளாஸ்டிக் ஃபைல் இருந்தது. முதல் ஆறு வருடம் ஏஜென்ட்டிடம் சர்வீஸ், அப்புறம் சின் மிங்கில் ஒரே பட்டறை, பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை ஆயில், ஒவ்வொரு பில்லிலும் மீட்டர் எண், வரிசை எங்கேயும் தவறவில்லை. இடையில் 2018ஐ ஒட்டிய பதினைந்து மாதத்துக்கு மட்டும் பில் இல்லை. 96,000 காருக்கு ஒரு காகிதமும் இல்லை, ஸ்டீயரிங் தோல் மட்டும் இரண்டு மணி, பத்து மணி இடங்களில் பளபளவென்று தேய்ந்திருந்தது, பிரேக் பெடல் ரப்பரின் வலது ஓரம் மழுங்கியிருந்தது. சீட்டு உறை மட்டும் புதுசு. எண்ணைத் திருத்தினார்கள் என்று நான் சொல்லமாட்டேன், நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை, ஆனால் 96,000 கிலோமீட்டரில் பெடல் ரப்பர் அப்படித் தேயாது.

அந்தக் காரை விட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அது காரில் இல்லை, ஒப்பந்தத்தாளில் இருந்தது. விற்பவர் என்ற கட்டத்தில் கடையின் பெயர் இல்லை, ஒரு தனிநபர் பெயர். கன்சைன்மென்ட், அதாவது யாரோ ஒருவரின் காரைக் கடை தன் இடத்தில் நிறுத்தி விற்றுக்கொடுக்கிறது. "சேம் சேம் பாஸ்," என்றான் பையன். சேம் இல்லை. 2012 செப்டம்பரில் அமலுக்கு வந்த லெமன் சட்டம் பழைய கார்களுக்கும் பொருந்தும். கடையிடம் வாங்கிய காரில் ஆறு மாதத்துக்குள் கோளாறு வெளிப்பட்டால், ஒப்படைத்த அன்றே அது இருந்ததாக எடுத்துக்கொள்வார்கள், இல்லை என்று காட்ட வேண்டியது கடையின் பொறுப்பு. ஆனால் தனிநபர் தனிநபருக்கு விற்றால் அந்தச் சட்டம் வராது. கடையில் கை குலுக்கி, கடையில் காபி குடித்து, கடையில் பணம் கட்டிவிட்டு, பிரச்சினை வரும்போது "நாங்க நடுவுல நின்னவங்கதான்" என்ற பதிலைக் கேட்கிற நிலை நமக்கு வேண்டாம்.

பார்த்த நாள்

முதல் நாள் இரவே விற்பவரிடம் சொல்லிவிட்டேன், நான் வருவதற்கு முன் காரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று. போனதும் பானெட்டில் கை வைத்துப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது. சூடாக இருந்திருந்தால் அன்றைக்கே திரும்பியிருப்பேன், ஏனென்றால் தேய்ந்த இன்ஜின் தன் குணத்தைக் காட்டுவது குளிர்ந்த நிலையில் முதல் பத்து விநாடிகளில்தான். செயின் கடகடப்பு, நீலப்புகை, ஐடிலில் தள்ளாட்டம், எல்லாமே சூடானதும் அடங்கிவிடும். இந்தக் காரில் லேசாக ஒரு டிக் டிக் சத்தம் இருந்தது, நாலு விநாடியில் போய்விட்டது. ஆயில் மூடியின் அடிப்பக்கம் காபி நிறத்தில் சுத்தமாக இருந்தது, வெள்ளையாக மயோனைஸ் மாதிரி எதுவும் இல்லை.

அடுத்தது நான் இணையத்தில் முப்பது வெள்ளிக்கு வாங்கி வைத்திருக்கும் ஓபிடி கருவி, காரின் கணினியைப் படிப்பது. ஸ்டீயரிங்குக்குக் கீழே சொருகி போனில் பார்ப்பது. எல்லோரும் எரர் கோடு, அதாவது பிழைக் குறியீடு, இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். கோடு இல்லை என்றால் நல்லது என்று அர்த்தமில்லை, அரை மணி நேரத்துக்கு முன் யாராவது அழித்திருக்கலாம். பார்க்க வேண்டியது ரெடினஸ் மானிட்டர். கேட்டலிஸ்ட், ஆக்ஸிஜன் சென்சார் போன்றவற்றைக் கார் தானே சோதித்து முடித்துவிட்டதா என்று காட்டும். எரர் கோடை அழித்தாலோ பேட்டரியைக் கழற்றினாலோ எல்லாம் 'முடியவில்லை' என்று ஆகிவிடும், மறுபடி முடிய நன்றாக ஓட்ட வேண்டும். இதில் எல்லாமே முடிந்திருந்தது. அந்த 96,000 காரில் பாதி முடியாமல் இருந்தது, கேட்டதற்கு "பேட்டரி இப்பதான் மாத்தினோம்" என்றார்கள், இருக்கலாம்.

டெஸ்ட் டிரைவில் இரண்டு விஷயம் பிடிபட்டது. சிக்னலில் பிரேக்கை அழுத்தி டி கியரில் நின்றால் ஸ்டீயரிங்கும் பின்பார்க்கும் கண்ணாடியும் நடுங்கின, நியூட்ரலில் வைத்தால் நடுக்கம் நின்றுவிட்டது. இன்ஜினைத் தாங்கும் மவுன்டிங் ரப்பர் செத்துவிட்டது. கார் நிறுத்துமிடத்தில் ஹம்ப் ஏறும்போது முன்பக்கம் இடது பக்கம் டொக் என்றது, சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ். இரண்டும் தெரிந்த நோய், தெரிந்த விலை, அதைக் காட்டி ஆயிரம் வெள்ளி குறைத்தேன். கியர்பாக்ஸ் நாலு கியர் பழைய ஆட்டோ, படிப்படியான கியர் இல்லாத சிவிடி வகை இல்லை. ரிவர்ஸிலிருந்து டி-க்கு மாற்றும்போது அரை விநாடி யோசித்தது. அது கொஞ்சம் கலக்கமாக இருந்தது, அதனால் நூற்றுச் சொச்சம் வெள்ளி கட்டி ஒரு பரிசோதனை நிலையத்தில் முழுசாகப் பார்க்கச் சொன்னேன். அவர்கள் கியர்பாக்ஸ் ஆயில் கறுத்திருக்கிறது, எரிந்த வாடை இல்லை என்றார்கள். எரிந்த வாடை வந்தால் உள்ளே கிளச் தகடு கருகிவிட்டது என்று பொருள், ஆயில் மாற்றி அதைக் காப்பாற்ற முடியாது. கறுப்பு மட்டும் என்றால் வெறும் அலட்சியம்.

முதல் மாதம்

வாங்கிய வாரமே எல்லாத் திரவங்களையும் மாற்றினேன். இன்ஜின் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில், பிளக், ஃபில்டர்கள், பெல்ட். அந்தப் பதினைந்து மாத இடைவெளியை நான் மறக்கவில்லை. பில் இல்லாத விஷயம் எதுவானாலும் செய்யவில்லை என்றே வைத்துக்கொண்டு, மீட்டர் 238,400இல் இருந்து என் பில் ஆரம்பிக்கிறது என்று முடிவு செய்தேன்.

கியர் ஆயிலில்தான் அண்ணனோடு வாக்குவாதம். நான் மெஷின் போட்டு மொத்தமாக ஃப்ளஷ் பண்ணச் சொன்னேன், அவர் மாட்டேன் என்றார். ரொம்ப நாள் மாற்றாத பெட்டியில் அழுத்தம் கொடுத்துத் தள்ளினால் அடியில் படிந்த கசடு கிளம்பி, கியரை மாற்றும் வால்வு பாடியில் போய் அடைக்கும் என்பது அவர் வாதம். போல்ட்டைக் கழற்றி வடியவிட்டு, வடிந்த அளவுக்கு ஊற்றி, ஓட்டிவிட்டு, மறுபடி வடிப்பதுதான் அவர் வழி. ஒரு தடவை வடித்தால் பாதிகூட வெளியே வராது, மீதி டார்க் கன்வெர்ட்டரில் நின்றுவிடும், அதனால் இரண்டு வார இடைவெளியில் இரண்டு தடவை. முதல் தடவை வந்தது எங்கள் கோப்பிக் கடையின் பால் சேர்க்காத கோப்பி ஓ மாதிரி இருந்தது. இரண்டாவது தடவை சிவப்பு தெரிந்தது. அந்த அரை விநாடி யோசனை முழுசாகப் போகவில்லை, ஆனால் குறைந்தது, இன்றுவரை கூடவும் இல்லை. இவை எல்லாம் சேர்த்து 780 வெள்ளி.

மவுன்டிங் மூன்று, லோயர் ஆர்ம் இரண்டு, ஸ்டெபிலைசர் லிங்க், முன் அப்சார்பரின் மேல் மவுன்ட், 1,150. அது முடிந்த அன்று அம்மா பின்சீட்டில் உட்கார்ந்து கொஞ்ச தூரம் வந்துவிட்டு, "என்னடா, வேற காடியா?" என்றார். நாலு டயர் 420. டயரில் பூ நன்றாகத்தான் இருந்தது, ஆனால் பக்கவாட்டில் உள்ள நாலு இலக்கம் 2816. 2016ஆம் வருடம் 28ஆம் வாரம் செய்தது. ஏழு வயதான ரப்பர், நம் வெயிலில், மழைநாளில் கிராஞ்சி விரைவுச்சாலையில் 90இல் போக எனக்குத் தைரியம் இல்லை.

வந்த கோளாறுகள்

ஐந்தாவது மாதம், ஆகஸ்ட். பானெட்டைத் திறந்து பார்த்தபோது பெல்ட் பக்கத்தில் வாட்டர் பம்ப்பைச் சுற்றி இளஞ்சிவப்பாக உப்பு பூத்த மாதிரி இருந்தது. கூலன்ட் கசிந்து காய்ந்த தடம். வெப்பமுள் ஏறவில்லை, கீழே சொட்டவும் இல்லை. இதைப் பார்க்காமல் விட்டிருந்தால் ஒருநாள் விரைவுச்சாலை நடுவில் தண்ணீர் வற்றி, இன்ஜின் கொதித்து, ஹெட் கேஸ்கெட் போய், மூவாயிரம் வெள்ளிக்குக் குறையாமல் இழுத்துவிட்டிருக்கும். வாரம் ஒரு முறை பானெட்டைத் திறந்து இரண்டு நிமிடம் பார்ப்பது என்ற பழக்கம் அந்த ஒரு நாளிலேயே தன் விலையை மீட்டுவிட்டது.

ஆறு மாதம் ஆகவில்லையே என்று கடைக்கு எழுதினேன். தேய்மானம், பொறுப்பேற்க முடியாது என்று பதில் வந்தது. கோபம் வந்தது, பயனீட்டாளர் சங்கத்துக்குப் போகலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் நேர்மையாகச் சொன்னால் கடைக்காரர் சொன்னது சரிதான். காரின் வயதுக்கும் விலைக்கும் எதிர்பார்க்கக்கூடிய தரம் எதுவோ அதைத்தான் சட்டம் கேட்கிறது, இரண்டே கால் லட்சத்தைத் தாண்டிய வாட்டர் பம்ப் கசிவதை ஏமாற்று என்று யாரும் சொல்லமாட்டார்கள். 380 வெள்ளி, என் கையிலிருந்து.

அடுத்ததுதான் எனக்கு இன்னும் உறுத்துவது. 2023 நவம்பரில் செக் இன்ஜின் விளக்கு எரிந்தது. ஓபிடியில் பி0171, அதாவது கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம். அண்ணன் தீபாவளி லீவில் ஊருக்குப் போயிருந்தார். நான் அவசரப்பட்டு வேறொரு பட்டறைக்குப் போனேன். அவர்கள் எரர் கோடைப் படித்தார்கள், ஆக்ஸிஜன் சென்சார் என்றார்கள், மாற்றினார்கள், 360 வெள்ளி. நாலு நாளில் விளக்கு மறுபடி எரிந்தது. திரும்பிப் போனால் இப்போது கேட்டலிட்டிக் கன்வெர்ட்டராக இருக்கலாம் என்று ஆயிரத்துக்கு மேல் விலை சொன்னார்கள்.

அண்ணன் வந்ததும் காட்டினேன். அவர் எதையும் கழற்றவில்லை. என் போனிலேயே ஃப்யூல் டிரிம் எண்ணைப் பார்க்கச் சொன்னார், கார் தானாகவே பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்பதைக் காட்டுவது. ஐடிலில் கூட்டல் 18 சதவீதம். ஆக்சிலரேட்டரை மிதித்து 2,500 ஆர்பிஎம்-இல் பிடிக்கச் சொன்னார், 4க்கு இறங்கியது. "காத்து எங்கேயோ திருட்டுத்தனமா உள்ள போவுது," என்றார். ஐடிலில் இன்ஜின் இழுக்கும் காற்று கொஞ்சம், அதில் ஓட்டை வழியே வருகிற பங்கு பெரிது. வேகத்தில் மொத்தக் காற்று கூடிவிடுவதால் அதே ஓட்டை கணக்கில் காணாமல் போகும். மாறாக வேகம் கூடக் கூட எண்ணும் கூடினால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர், காற்றை அளக்கும் சென்சார் பக்கம் பார்க்க வேண்டும். பத்து நிமிடத்தில் கண்டுபிடித்தார், பிசிவி ஹோஸ், இன்ஜினுக்குள் சேரும் ஆவியை உறிஞ்சும் ரப்பர் குழாய், பின்பக்கம் வளையும் இடத்தில் வெடித்திருந்தது. விலை, கூலி சேர்த்து 45 வெள்ளி. எரர் கோடு என்பது நோயாளி சொல்லும் வலி மாதிரி, எந்த உறுப்பை மாற்ற வேண்டும் என்ற சீட்டு இல்லை. அந்த 360ஐ நான் அவசரத்துக்குக் கட்டிய அபராதம் என்று வைத்துக்கொண்டேன்.

2024 ஏப்ரலில் ஏர்கான். காலையில் சரியாக இருக்கும், மத்தியானம் வெறும் காற்று. கேஸ் நிரப்பினால் மூன்று வாரம் தாங்கும். கூலிங் காயில் கசிவு. டேஷ்போர்டு முழுவதையும் இறக்கித்தான் அதை மாற்ற முடியும், 720. டேஷ்போர்டை இறக்கி ஏற்றிய பிறகு எங்கேயோ ஒரு சின்ன கீச் சத்தம் வந்தது, இன்னமும் இருக்கிறது, பழகிவிட்டது. அதே சமயம் ரேடியேட்டரையும் தெர்மோஸ்டாட்டையும் கெடுவதற்கு முன்பே மாற்றச் சொன்னேன், 310. மேல் தொட்டி பிளாஸ்டிக், பதின்மூன்று வருடச் சூட்டில் பழுப்பேறி நகத்தால் கீறினால் தூள் வந்தது. கெடாததை ஏன் மாற்றுகிறாய் என்று மனைவி கேட்டாள். கெடும்போது துவாஸில் இரவு இரண்டு மணியாக இருக்கும் என்பதுதான் பதில்.

ஒரு வேடிக்கை, செலவில் சேராதது. பெட்ரோல் முள். டேங்கில் நிஜமாக முக்காலுக்கு மேல் இருந்தும் முள் அரைக்குச் சற்று மேலேயே நின்றுவிடும் நாட்கள் உண்டு, டேங்குக்குள் பெட்ரோல் அளவைப் பார்க்கும் சென்சார் தேய்ந்ததால். வேறு எங்காவது என்றால் இது ஒரு விஷயமே இல்லை. ஆனால் சிங்கப்பூர் காரில் கடற்பாலம் தாண்டும்போது டேங்க் முக்காலாவது இருக்க வேண்டும், இல்லையென்றால் அபராதம் 500 வெள்ளி வரை. உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் அதிகாரி குனிந்து பார்ப்பது முள்ளை, டேங்கை இல்லை. அதனால் ஜோகூர் போகிற ஒவ்வொரு தடவையும் இங்கே விலை கூடிய பெட்ரோலை வாய் வரை நிரப்பிக்கொண்டு போகிறேன்.

மற்றவை சில்லறை. பேட்டரி 140, பிரேக் பேடும் டிஸ்க் கடைசலும் 260, எட்டாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு ஆயில் மாற்றம், ஆறு தடவை, 540. 2025 ஜூனில் ஆல்டர்னேட்டர் 350. இன்ஜின் நாலாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குடிக்கிறது, டிப்ஸ்டிக்கை ஆயிரத்துக்கு ஒரு முறை இழுத்துப் பார்த்து ஊற்றிக்கொள்கிறேன், அதைக் கோளாறாக நான் நினைக்கவில்லை. கண்டுகொள்ளாமல் ஓட்டினால்தான் கோளாறு.

கணக்கு

32 மாதம், 52,600 கிலோமீட்டர். பட்டறைக்குப் போன பணம் மொத்தம் 5,455 வெள்ளி, மாதத்துக்கு 170. போன மாதம் ஓர் இரவு உட்கார்ந்து இந்த பில்களை மூன்று குவியலாகப் பிரித்தேன். எந்தக் காருக்கும் வரும் வழக்கமான செலவு, முதல் மாதத் திரவங்கள், டயர், பேட்டரி எல்லாம் சேர்த்து 2,140. வயதால் வந்தது, அதாவது ரப்பர், பிளாஸ்டிக், கூலிங் காயில், 2,225. ஓடிய தூரத்தால் வந்தது என்று நான் உறுதியாகச் சொல்லக்கூடியவை வாட்டர் பம்ப்பும் ஆல்டர்னேட்டரும் மட்டும், 730. மிச்சம் அந்த 360 அபராதம். புஷ், மவுன்டிங் எல்லாம் தூரத்தாலும் தேயும் என்று வாதிடலாம், சரி, பாதியை அந்தப் பக்கம் தள்ளினாலும் என்னைப் பயமுறுத்திய 238,400 என்ற எண் தனியாகத் தின்ற காசு பெரிதில்லை. வயதுக் குவியல் அந்த 96,000 காருக்கும் அப்படியே வந்திருக்கும், அதுவும் 2010தான். அதன் டெப்ரி வருடத்துக்கு 8,100 சொச்சம், எனக்கு 6,800. வித்தியாசம் 1,300.

தப்பிக்க முடியாத செலவு ஒன்று, சாலை வரி. 1,598 சிசிக்கு வருடம் 742 வெள்ளி அளவில், ஆனால் பத்து வயது தாண்டினால் வருடத்துக்குப் பத்து சதவீதமாகக் கூடிக்கொண்டே போய் பதினாலு தாண்டியதும் ஐம்பதில் நிற்கும். இப்போது 1,112 சுமார் கட்டுகிறேன். பத்து வயதுக்கு மேல் பரிசோதனையும் வருடா வருடம். போன முறை ஹெட்லைட் மங்கல் என்று ஃபெயிலானது, மஞ்சளித்த கண்ணாடியைப் பாலிஷ் போட்டு மறுபடி போய்ப் பாஸானேன். காப்புறுதி எடுக்கும்போதும் இரண்டு நிறுவனங்கள் வயதைக் கேட்டதும் முழுக் காப்புறுதி இல்லை என்றுவிட்டன, மூன்றாவது கொடுத்தது.

மீட்டர் இப்போது 291,000. அடுத்த மாதம் மறுபடி பரிசோதனை. முந்தாநாள் அண்ணன் காரைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் பின் இடது அப்சார்பரில் ஆயில் வேர்த்திருக்கிறது என்றார். இடது ஒன்று மட்டும் போதுமா என்று கேட்டேன், "ஒரு கால்ல புது செருப்பு, ஒரு கால்ல பழசு போட்டு நடப்பியா தம்பி?" என்றார். இரண்டும் சேர்த்து 280, சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். அது மேலே உள்ள கணக்கில் இல்லை.